எக்ஸ்ரே படிப்பும் கதிர்வீச்சு பயமும்

கேள்வி: மகள் பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு. எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் வேலைக்கு டிகிரி படிக்க ஆசைப்படுகிறாள். கதிர்வீச்சை நினைத்தால் பயமாக இருக்கிறது.
– வாசகி, மேலூர்

பதில்: தாராளமாகச் சேருங்கள். பி.எஸ்சி. ரேடியாலஜி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி, 3 ஆண்டு வகுப்பு, ஓராண்டு இன்டர்ன்ஷிப். மதுரையில் விளம்பரப் பலகையை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். பல்கலைக்கழக இணைப்பு உண்டா, பயிற்சிக்கு சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கருவிகள் இருக்கிறதா என நேரில் பாருங்கள். கருவியைத் தொடாமல் இந்தத் தொழில் வராது.

பயம் நியாயமானதே, ஆனால் கட்டுப்படுத்தக்கூடியது. எக்ஸ்ரே குழாயிலிருந்து இரு மடங்கு தள்ளி நின்றால் கதிர்வீச்சு கால்பங்காகும். உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜை, கதிர்வீச்சைத் தடுக்கும் ஈய ஏப்ரனுக்கு உள்ளே, மார்பில் அணிய வேண்டும்; வெளியே மாட்டினால் உடலுக்குப் படாத அளவும் கணக்கில் ஏறிவிடும். பணியாளருக்கான வரம்பு, 5 ஆண்டு சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கிடையாது. அங்கே ஆபத்து காந்தம், இரும்பு சிலிண்டரையே இழுத்துவிடும்.