சேர்ந்து வாழ்பவர்கள் எழுதும் ஒப்பந்தம் செல்லுமா?

கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்கள் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தியாவில் அது மட்டும் போதாது. வாடகை, அட்வான்ஸ், கடன் தவணைக் கணக்குக்கு உதவும். ஆனால் ‘பிரிந்தால் ஜீவனாம்சம் கேட்கமாட்டேன்’ என்ற வரியை நம்பாதீர்கள்; திருமணம் போன்ற உறவில் வாழும் பெண்ணுக்கு 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் தரும் பாதுகாப்பை அப்படி எழுதி வாங்கிப் பறித்துவிட முடியாது.

வீடுதான் பெரிய சிக்கல். பத்திரம் ஒருவர் பெயரில் இருக்க, தவணையை இருவரும் கட்டினால், பிரியும்போது மற்றவர் தன் பங்கை நிரூபிக்கக் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். கிரயப் பத்திரத்திலேயே இருவர் பெயரையும், 60க்கு 40 என்று பங்கையும் எழுதுங்கள். பணம் வங்கி வழியாகவே போகட்டும்.

இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இப்படிப்பட்ட துணை வாரிசு ஆகமாட்டார். ஆகவே உயில் அவசியம். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, செய்துவிடுவது நல்லது. வங்கிக் கணக்கில் நாமினியாகப் போட்டதாலேயே பணம் சொந்தமாகிவிடாது.