நாய், பூனை வைத்தியத்துக்குக் கொடுக்கும் நன்கொடை உண்மையில் பயன்படுகிறதா?

ஒரு தடவை காசு அனுப்பினேன், அந்த நாய்க்குப் பிறகு என்ன ஆனது என்றே தெரியவில்லை, இனியும் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுங்கள். ஆனால் முதல் வாரத்தோடு விட்டுவிடாதீர்கள்.

நான் மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறேன். எங்கள் ஒழுங்கையில் எல்லார் வீட்டுச் சோற்றையும் தின்று வளர்ந்த கறுப்பி என்ற தெருநாய்க்குப் பிறப்புறுப்பில் கட்டி வந்து இரத்தம் சொட்டத் தொடங்கியது. அருவருப்பில் சனம் கல்லெறிந்து துரத்தியது. இது இணைசேரும்போது நாய்க்கு நாய் தொற்றுகிற ஒரு புற்றுநோய். கேட்கவே பயமாக இருக்கும், ஆனால் ஒழுங்காக மருந்து ஏற்றினால் பெரும்பாலும் முழுக்கச் சுகமாகிவிடும். மனிதர்களின் புற்றுநோய்க்குக் கொடுக்கிற வின்கிறிஸ்டின்தான் இதற்கும் மருந்து. வாரம் ஒரு ஊசி, பொதுவாக 4 தொடக்கம் 6 வாரம், சிலதுக்கு அதற்கு மேலும் போகும். ஊசி ஏற்றும் இரத்தக் குழாய்க்கு வெளியே மருந்து கசிந்தால் அந்த இடத்துச் சதையே அழுகிவிடும் என்பதால் வைத்தியர்தான் ஏற்ற வேண்டும், இடையிடையே இரத்தமும் சோதிக்க வேண்டும்.

பேஸ்புக்கில் படம் போட்ட அன்றே காசு வந்தது, சுவிசில் இருக்கிற என் மச்சாள்கூட அனுப்பினாள். இரண்டாவது ஊசியோடு கட்டி பாதியாகச் சுருங்கி, இரத்தமும் நின்றது. சந்தோஷத்தில் அந்தப் படத்தையும் போட்டேன். அதோடு காசு நின்றுவிட்டது, சுகமாயிற்றுத்தானே என்று எல்லாரும் நினைத்துவிட்டார்கள்! இடையில் விட்டால் மிச்சக் கட்டி திரும்ப வளரும், பிறகு அதே மருந்துக்கு மசியாமலும் போகலாம். மூன்றாவது ஊசிக்குப் பக்கத்து வீட்டு மாமி தன் சீட்டுக் காசிலிருந்து எடுத்துத் தந்தார். அதை நான் மறக்க மாட்டேன்.

மருந்துக்கு மட்டும் காசு போவதில்லை. நாயை ஏற்ற ஓட்டோக்காரர் பலர் சம்மதிப்பதில்லை, சம்மதிப்பவர் கூடக் கேட்பார். அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் இருக்கின்றன, ஆனால் எங்கள் மாவட்டத்தில் மாடும் ஆடும் அதிகம், அவர்களின் நேரம் பெரும்பாலும் அதற்கே போகிறது. இறக்குமதி மருந்துகளின் விலையும் 2022 இல் ரூபாய் விழுந்தபோது ஏறியதுதான்.

அதனால் கொடுக்கும்போது எந்த வைத்தியர் பார்க்கிறார், இன்னும் எத்தனை ஊசி மிச்சம் என்று தயங்காமல் கேளுங்கள். முடிந்தால் பில்லை நேரே வைத்தியரிடமே கட்டுங்கள். இன்னொன்று, விசர்நாய்த் தடுப்பூசியைச் சுகாதாரப் பகுதியினர் இலவசமாகவே போடுகிறார்கள், அதற்கென்று யாராவது காசு சேர்த்தால் விசாரித்துவிட்டுக் கொடுங்கள். குட்டிகளைக் கொல்லும் வயிற்றுப்போக்கு நோயான பார்வோவுக்குரிய தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும்தான் எங்களுக்குக் கை கடிக்கிறது, அதற்கு யாரும் இரங்கி அனுப்புவதில்லை, ஏனென்றால் படத்தில் இரத்தம் இருக்காது.

கறுப்பிக்கு ஐந்தாவது ஊசியோடு கட்டி மறைந்துவிட்டது, வைத்தியர் சொன்னபடி ஆறாவதையும் போட்டோம். அடுத்த மாதம் கருத்தடை. அதற்குப் பிறகு தையலை நக்கவிடாமல் குறைந்தது 10 நாளாவது எங்கள் விறாந்தையில் கட்டி வைத்துப் பார்க்க வேண்டும். அந்த நாட்களின் மருந்துக்கும் சாப்பாட்டுக்குமான காசை இந்தத் தடவை முதலே ஒதுக்கி வைத்துவிட்டேன்.