வல்லூறு, வால்காக்கை, பூனை: விளைப் பறவைகள் பற்றி வாசகர் கேள்வி-பதில்

குலசேகரம் வாசகர்: முற்றத்தில் தானியமும் தண்ணீரும் வைக்கிறோம். இப்போது ஒரு வல்லூறு தினமும் வந்து புள்ளிப்புறாக்களை அடிக்கிறது. எப்படி விரட்டுவது?

முதலில் அது வல்லூறுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அக்காக்குயிலுக்கும் அதே சாம்பல் முதுகு, பட்டை போட்ட வால், பறக்கும் விதம்கூட ஏறக்குறைய அதேதான். அலகைப் பாருங்கள். வல்லூறுக்குக் கீழ்நோக்கி வளைந்த கொக்கி அலகு. அக்காக்குயிலின் அலகு அப்படி வளையாது. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் இருக்கும். அது தின்பது பெரும்பாலும் கம்பளிப்புழு. தவிட்டுக்குருவிகள் அதையும் கூட்டமாகத் துரத்தும், அவற்றின் கூட்டில் அது முட்டையிடுவதால். ஆகவே துரத்துவதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

வல்லூறுதான் என்றால் விரட்டவே வேண்டாம். ஓணான், எலி, வெட்டுக்கிளி எல்லாம் அதற்கு இரை. அதையும் சேர்த்துத்தான் ஒரு விளை, அதாவது வீட்டைச் சுற்றியுள்ள தோட்டம், உயிரோடு இருக்கிறது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் பறவைகள் கூடுவதைக் கண்டுகொண்டதால்தான் அது தினமும் வருகிறது. பத்துப் பதினைந்து நாள் தானியத்தை நிறுத்துங்கள். பிறகு வேறு இடத்தில், நேரத்தை மாற்றி, அரை மணி நேரத்தில் தீர்ந்துபோகும் அளவு மட்டும் போடுங்கள்.

அடுத்தது மறைவிடம். வல்லூறு பாய்ந்தால் குருவி ஒளிந்துகொள்ள அருகில் புதர் வேண்டும். ஆனால் அதே புதரில் பூனை பதுங்கும். இரண்டுக்கும் பொருந்துகிற ஏற்பாடு ஒன்று உண்டு: தானியத் தட்டிலிருந்து 2 முதல் 3 மீட்டர் தள்ளி எலுமிச்சை, காகிதப்பூ போன்ற முள்செடி வையுங்கள். அடிக்கிளைகளைத் தரையிலிருந்து ஒன்றரை அடி வரை கழித்துவிடுங்கள். மேலே குருவிக்கு அடர்த்தி. கீழே பூனைக்கு மறைவில்லை.

தண்ணீர்ச் சட்டி ஓரத்தில் 2 செ.மீ., நடுவில் 5 செ.மீ. ஆழத்தைத் தாண்டக் கூடாது. ஆழமான சட்டியென்றால் கல் போட்டு உயர்த்துங்கள். தினமும் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் கொசு சட்டியின் உட்சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். தேங்காய்த் தும்பால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

கருங்கல் வாசகி: போர்ட்டிகோ கம்பியில் தேன்சிட்டு கூடு கட்டியது. இரண்டு முட்டை இருந்தது, ஒரு காலையில் காணவில்லை. எது எடுத்திருக்கும்?

கூடு இருக்கும் நிலையைப் பாருங்கள். பக்கவாட்டிலோ அடியிலோ கிழிந்து நார் தொங்கினால் காகம் அல்லது வால்காக்கை. கூடு கலையாமல், ஓடுகூட இல்லாமல் வெறுமையாக இருந்தால் பாம்பாக இருக்க வாய்ப்பு அதிகம். அது முட்டையை முழுதாக விழுங்கும். கூடு கீழே விழுந்து இறகும் சிதறிக் கிடந்தால் பூனை. எறும்பு மொய்ப்பதைக் கண்டு எறும்புமேல் பழி போடாதீர்கள். பெரும்பாலும் மிச்சத்தைத் தின்ன வந்தவைதான் அவை. இவை குறிப்புகள்தாம், முழுச் சாட்சி அல்ல. செம்போத்தும் முட்டை, குஞ்சு தின்னும். பலர் அதைச் சந்தேகிப்பதே இல்லை.

நம் குமரி மாவட்டத்தில் காகத்தை வீட்டுக்கு அழைப்பது பெரும்பாலும் மீன்தான். தினமும் மீன் வெட்டி, செதிலையும் குடலையும் முற்றத்து ஓரத்தில் எறிந்தால், காகமும் பூனையும் நாள் முழுக்க அங்கேயே சுற்றும். காத்திருக்கும் நேரத்தில் சுற்றியுள்ள கூடுகளையும் பார்த்து வைக்கும். கழிவைத் தென்னை மூட்டிலிருந்து சற்றுத் தள்ளி ஓரடிக் குழியில் மூடுங்கள்.

இன்னொன்று, அடிக்கடி எட்டிப் பார்ப்பது. நீங்கள் போய் நிற்கும் இடத்தைக் காகம் கவனிக்கும். 5 மீட்டர் தள்ளி நின்று பைனாகுலரில் பாருங்கள்.

பூதப்பாண்டி வாசகர்: அதற்கு எந்த பைனாகுலர் நல்லது?

8×42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்லென்ஸ் உள்ளது. பத்து மடங்கில் கை நடுக்கம் அதிகமாகத் தெரியும், காட்சிப் பரப்பும் குறையும். வாங்கும்போது 2 மீட்டர் தூரத்துப் பூவைத் தெளிவாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். விளையில் பார்க்க அது முக்கியம்.

தக்கலை வாசகர்: எங்கள் பூனை கொண்டைக்குருவியைக் கவ்வி வந்தது. காயம் தெரியவில்லை. பறக்க விட்டுவிடலாமா?

வேண்டாம். பூனையின் பல் ஊசி போல இறங்கும். இறகுக்கு அடியில் துளை தெரியாது. வாயிலுள்ள பாஸ்டுரெல்லா பாக்டீரியா ஓரிரு நாளில் பறவையைக் கொன்றுவிடும். காற்றுத்துளை போட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து, மூடி, சத்தமில்லாத இடத்தில் வைத்து, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஆன்டிபயாட்டிக் தேவையா என்பதை அவர் சொல்வார். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். பால், சோறு எதுவும் வேண்டாம்.

பூனையை மாலை ஐந்து மணி முதல் மறுநாள் எட்டு மணி வரை வீட்டுக்குள் வையுங்கள். கழுத்து மணி ஓரளவுதான் உதவும். பறக்கத் தெரியாத குஞ்சுக்கு மணிச்சத்தத்தால் என்ன பயன்? அக்டோபர் முதல் மார்ச் வரை இதில் கண்டிப்பு கூடுதலாக வேண்டும். வடக்கிலிருந்து ஆறுமணிக்குருவி வந்து நம் விளைகளில் தங்கும் காலம் அது. வாழை மூட்டிலும் ரப்பர்த் தோட்டத்துச் சருகிலும் தரையில் தத்தித் தத்தி இரை கிளறும், அதுவும் விடியலிலும் அந்தியிலும். பூனைக்கும் அதுதான் வேட்டை நேரம். அந்தக் காலத்தில் சருகைக் கூட்டி எரிக்காமல் ஒரு மூலையில் விட்டு வையுங்கள்.

அருமனை வாசகர்: கூட்டுக்கு அருகில் கொம்பேறிமூக்கன். அடித்துவிடலாமா?

கூடாது. கடித்தபின் மரமேறி, பிணம் எரியும் புகையைப் பார்க்கும் என்ற பேச்சால் எத்தனையோ பாம்புகள் வீணாகச் சாகின்றன. அதற்கு மனிதனைக் கொல்லும் நஞ்சு இல்லை.

மரத்தைக் காக்க வேண்டுமானால் தகரம் கட்டுங்கள். எலி, அணில், மரநாய்க்குத் தரையிலிருந்து ஐந்தாறு அடி உயரத்தில் 2 அடி அகலத் தகரம். பாம்புக்கு 3 அடியாவது வேண்டும். தென்னை பருக்காது, கம்பியால் இறுக்கிக் கட்டலாம். மா, அயனி போன்றவை பருக்கும். தகர விளிம்புகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, வருடத்துக்கொரு முறை தளர்த்துங்கள், இல்லாவிட்டால் பட்டையை வெட்டிவிடும். பக்கத்து மரத்து ஓலையோ நல்லமிளகுக் கொடியோ தொட்டுக்கொண்டிருந்தால் தகரம் கட்டியும் பயனில்லை. பழைய மீன்வலையை மட்டும் சுற்றாதீர்கள். பாம்பும் சிக்கிச் சாகும், பறவையும் சிக்கிச் சாகும்.

பூதப்பாண்டி வாசகர்: வேட்டைப் பறவை வருவதைச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். தவிட்டுக்குருவிகள் ஒரு புதரைச் சுற்றித் தலையைத் தாழ்த்தி ஓயாமல் கத்தினால் கீழே பாம்போ பூனையோ இருக்கும். அணில் வாலை வெட்டி வெட்டி ஒரே தாளத்தில் கத்துவதும் அப்படித்தான். வானத்திலிருந்து ஆபத்தென்றால் ஒரு கூர்மையான சத்தம், பிறகு விளையே அடங்கிவிடும். வல்லூறின் குரலை மட்டும் நம்ப வேண்டாம், கரிச்சான் அதைப் போலவே கத்தும்.

மார்த்தாண்டம் வாசகி: கீழே விழுந்த குஞ்சை மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்கிறார்களே?

சேர்க்கும், தைரியமாகத் தொடலாம். இறகு முளைத்து, தத்துகிற குஞ்சென்றால் அது விழவில்லை, பறக்கப் பழகுகிறது. பூனைக்கு எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகுங்கள். இறகில்லாத குஞ்சைக் கூட்டிலேயே திரும்ப வையுங்கள். கூடு சிதைந்திருந்தால் பெரிய சிரட்டையில் நாலு துளை போட்டு, உலர்ந்த நார் பரப்பி, பழைய கூடு இருந்த இடத்துக்கு ஓரடிக்குள் வெயில் படாமல் கட்டுங்கள். இரண்டு மணி நேரம் தூரத்திலிருந்து பாருங்கள். தாய் வரவேயில்லை என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கூண்டில் போட்டு வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.