ஃபில்டர் போட்டும் காற்றில் ஈரம் ஏன்?

கேள்வி: பல் கிளினிக் நடத்துகிறேன். எண்ணெய் இல்லாத கம்ப்ரசர், புது ஃபில்டர் எல்லாம் இருந்தும் ஏர் சிரிஞ்சில் சில நாள் ஈரம் தெறிக்கிறது. பல்லை உலர்த்தி ஃபில்லிங் வைக்கும்போது பயமாக இருக்கிறது. இன்னும் நுண்ணிய ஃபில்டர் மாட்டினால் சரியாகுமா?

பதில்: ஆகாது, டாக்டர். ஃபில்டர் பிடிப்பது தூசியையும் நீர்த்துளியையும்தான். ஆவியாக இருக்கும் ஈரம் அதைத் தாண்டிப் போய், குழாயில் ஆறியதும் தண்ணீராகிவிடும்.

இந்தக் கணக்கை நான் எல்லாரிடமும் போட்டுக் காட்டுவேன். 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் அதில் இருப்பது 21 கிராம். கேஜில் 7 பார் காட்டும்வரை அழுத்தும்போது (வெளிக்காற்றின் 1 பாரும் சேர்ந்து மொத்தம் 8), அப்படிப்பட்ட 8 கனமீட்டர் ஒரே கனமீட்டராகச் சுருங்குகிறது. உள்ளே 168 கிராம் ஆவி. காற்று ஆறிய பிறகு இடமோ 30 கிராமுக்குத்தான். மீதி முழுக்கத் தண்ணீர். இதில் எண்ணெய் இல்லாத கம்ப்ரசர் என்ன செய்யும், பாவம்!

உங்களுக்குத் தேவை டிரையர். குளிரூட்டி உலர்த்தும் டிரையரில் காற்றின் பனிநிலை, அதாவது ஆவி தண்ணீராக மாறத் தொடங்கும் வெப்பநிலை, ஏறக்குறைய 3 டிகிரிவரைதான் இறங்கும். டெசிகன்ட் டிரையர், அதாவது ஈரம் உறிஞ்சும் மணிகள் நிரப்பியது, மைனஸ் 40 வரை கொண்டுபோகும். அழுத்தக் காற்றின் தூய்மைக்கான ஐஎஸ்ஓ 8573-1 தரத்தில் ஈரத்துக்கு அது 2-ஆம் வகுப்பு. பல்லில் பிசின் ஒட்டும் வேலைக்கு நான் டெசிகன்ட்தான் சொல்வேன். குழாய்க்குள் ஈரம் தங்காவிட்டால் கிருமி வளரவும் வழி குறையும்.

ஒன்றை மட்டும் விற்பவரிடம் நீங்களே கேட்டுவிடுங்கள். சூடாக்காமல் இயங்கும் இரட்டைக் கோபுர டெசிகன்ட் டிரையர், தன் மணிகளை உலர்த்திக்கொள்ளவே 15 சதவீதம் அல்லது அதற்கு மேலும் காற்றை எடுத்துக்கொள்ளும். உங்கள் கம்ப்ரசர் அதையும் சேர்த்துத் தர வேண்டும். இப்போதுள்ள ஃபில்டரைத் தூக்கிப் போடாதீர்கள், டிரையருக்கு முன்னால் மாட்டுங்கள். தண்ணீர் நேராக மணிகளில் விழுந்தால் அவை வீணாகிவிடும். பின்னால் ஒரு தூசி ஃபில்டர். தொட்டித் தண்ணீரைத் தினமும் திறந்துவிடுங்கள்.

அப்புறம், கம்ப்ரசர் எங்கே மூச்சு இழுக்கிறது என்று பாருங்கள். ஆட்டோகிளேவ் (நீராவியால் கருவிகளைக் கிருமிநீக்கும் இயந்திரம்) பக்கத்திலோ வண்டிப் புகை வரும் சந்திலோ இருந்தால், அந்த நீராவியும் புகையும் நோயாளியின் வாய்வரை வரும். தயவுசெய்து இடத்தை மாற்றுங்கள்.

கேள்வி: எலக்ட்ரானிக்ஸ் அசெம்பிளி அறைக்குக் காற்று லைன் இழுக்கிறோம். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் போதுமா? பி.வி.சி. மலிவு என்கிறார்களே?

பதில்: பி.வி.சி. வேண்டவே வேண்டாம். அழுத்தக் காற்றில் உடைந்தால் சில்லுச் சில்லாகப் பறந்து ஆளைக் காயப்படுத்தும். ஜி.ஐ. நாளாவட்டத்தில் துருவை உதிர்க்கும், அது நேராக உங்கள் போர்டுகளில் போய் உட்காரும். அலுமினியம் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள். கிளைகளை மெயின் குழாயின் மேல்பக்கத்திலிருந்து எடுங்கள்.