கிறிஸ்தவப் பள்ளியில் ஏழாம் வகுப்பு: பாடம் வேறா, வேதபாடம் கட்டாயமா?

கேட்டிருப்பவர் ஒரு தாய். கணவருக்கு மாற்றல், குடும்பத்தோடு திருநெல்வேலிக்கு வருகிறார்கள். மகளைப் பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவப் பெண்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பில் சேர்க்க எண்ணம். "நாங்கள் இந்துக்கள். அங்கே பாடமே வேறாக இருக்குமா? பைபிள் வகுப்பில் கட்டாயம் உட்கார வேண்டுமா? பிள்ளை குழம்பிவிடுவாளோ?" இதுதான் கேள்வி.

நான் இதே ஊரில் அரசு உதவி பெறும் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் தமிழாசிரியை. பதினேழு வருடமாக ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்தவள். அதையும் தெரிந்துகொண்டு நான் சொல்வதைப் படியுங்கள்.

முதலில் பாடம். மாநிலப் பாடத்திட்டத்தில் நடக்கிற பள்ளி என்றால், அதை நடத்துவது திருச்சபையோ கன்னியர் மடமோ, புத்தகம் ஒன்றுதான். உங்கள் ஊர் அரசுப் பள்ளியில் உங்கள் மகள் படித்திருக்கக்கூடிய அதே தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். இப்போது நாங்கள் நடத்துவது 2019-20இல் வந்த புத்தகம். மூன்று பருவம். ஒவ்வொரு பருவத்துக்கும் வளரறி மதிப்பீடு (பருவம் முழுக்க வகுப்பில் நடப்பது) 40 மதிப்பெண், தொகுத்தறி மதிப்பீடு (பருவ முடிவில் எழுதும் தேர்வு) 60. எஃப்.ஏ., எஸ்.ஏ. என்று பிள்ளைகள் வந்து சொல்வது இதைத்தான். (சி.பி.எஸ்.இ. நடத்தும் கிறிஸ்தவப் பள்ளிகளும் இங்கே உண்டு. அங்கே புத்தகம் வேறு. நான் பேசுவது மாநிலப் பாடத்திட்டத்தைப் பற்றி மட்டும்.)

உண்மையைச் சொன்னால், ஏழாம் வகுப்பில் நீங்கள் கவனிக்க வேண்டிய முதல் இடம் வேதபாடம் இல்லை, கணக்கு. முதல் பருவத்தின் முதல் பாடமே முழுக்கள். ஆறாம் வகுப்பில் குறை எண்ணைப் பார்த்துப் பழகியிருப்பார்கள், இங்கே அதைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் வேண்டும். மைனஸும் மைனஸும் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது என்று புரியாமல் மனப்பாடம் செய்துவிட்ட பிள்ளைகள் அடுத்து இயற்கணிதத்தில் தடுமாறுகிறார்கள். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அவளோடு கணக்கில் உட்காருங்கள்.

சரி, வேதபாடம். கத்தோலிக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் கத்தோலிக்கப் பிள்ளைகளைத் தனியாக மறைக்கல்விக்கு அனுப்பிவிட்டு மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு வைப்பார்கள். பிள்ளைகள் வாயில் அது 'மாரல்'. எங்கள் பள்ளியில் வழக்கம் வேறு, வேதபாடத்துக்கு எல்லோரும் ஒன்றாக உட்காருவார்கள். வாரத்துக்கு இரண்டு பீரியட். ஏழாம் வகுப்புக்கு யோசேப்பு, மோசே, தாவீது, அப்புறம் இயேசு சொன்ன உவமைகள். வாரம் ஒரு மனப்பாட வசனம். பருவத்துக்கு ஒரு சின்னத் தேர்வு. அந்த மதிப்பெண் அரசுக் கணக்கில் எங்கும் ஏறாது. காலையில் அசெம்பிளியில் ஒரு கீர்த்தனை, ஒரு ஜெபம், பிறகு குறள், செய்தி.

இதில் எதுவும் உங்கள் மகளுக்குக் கட்டாயம் இல்லை. அரசியலமைப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு தெளிவாகச் சொல்கிறது: அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற பள்ளியில் சமயப் போதனைக்கோ வழிபாட்டுக்கோ யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. வயது வராத பிள்ளை என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி பள்ளி நடத்த 30ஆம் பிரிவு உரிமை தருகிறது. அந்த உரிமையைச் சொல்லி 28ஐ ஒதுக்கிவைக்க முடியாது. இரண்டும் ஒரே சட்டப் புத்தகத்தில், இரண்டே பக்கத் தூரத்தில் இருக்கின்றன. உங்களுக்கு விருப்பம் இல்லையென்றால் சேர்க்கையின்போதே தலைமையாசிரியையிடம் ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். அந்த நேரத்தில் பிள்ளை நூலகத்தில் உட்காரலாம். கேட்பதற்குத் தயங்காதீர்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேறொரு ஊரில், ஒரு தனியார் பள்ளியில் இரண்டு வருடம் இருந்தேன். அங்கே வேதபாட மதிப்பெண்ணையும் மொத்தத்தில் சேர்த்து ரேங்க் போடுவார்கள். என் ஏழாம் வகுப்பில் ஒரு பெண் ஐந்து பாடத்திலும் முதல். வீட்டில் விருப்பப்படவில்லை என்பதால் வேதபாடத் தேர்வை மட்டும் அவள் எழுதவில்லை. மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தால் ஆறாவது இடம். அந்த ரேங்க் கார்டை நிரப்பியது நான். சிவப்பு மையில் '6' என்று எழுதி அவள் கையில் கொடுத்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை, கார்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நான் அப்போதே தலைமையாசிரியரிடம் போய்ப் பேசியிருக்க வேண்டும். வேலை நிரந்தரமாகவில்லை என்ற பயத்தில் போகவில்லை. இன்றைக்கும் அந்த '6' என் கண்ணுக்குள் நிற்கிறது. என் விசுவாசத்துக்கு அதைவிடப் பெரிய அவமரியாதையை நான் செய்ததில்லை. அதனால் எந்தக் கிறிஸ்தவப் பள்ளியில் சேர்த்தாலும் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: "வேதபாட மதிப்பெண் ரேங்க்கில் சேருமா?" சேரும் என்றால் வேறு பள்ளி பாருங்கள்.

பொட்டு, பூ, வளையல் பற்றியும் கேட்டுவிடுங்கள். பள்ளிக்குப் பள்ளி விதி மாறும். பையன்களை வைத்திருப்பவர்கள், கார்த்திகையில் மாலை போட்டால் சீருடை என்ன ஆகும் என்று முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

பிள்ளை குழம்பிவிடுவாளா என்ற கேள்விக்குத்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. ஏழாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தின் மூன்றாம் பருவத்தை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். இது பள்ளி தருவது இல்லை, அரசு தருவது. 'புதுமை விளக்கு' என்ற தலைப்பில் பொய்கையாழ்வாரும் பூதத்தாழ்வாரும். அடுத்து 'அறம் என்னும் கதிர்', சமணரான முனைப்பாடியார் பாடியது. 'ஒப்புரவு நெறி' குன்றக்குடி அடிகளார் எழுதியது. கொஞ்சம் தள்ளி 'மலைப்பொழிவு', கண்ணதாசனின் இயேசு காவியத்திலிருந்து எடுத்தது. அதே இயலில் முஸ்லிம் லீக் தலைவர் காயிதே மில்லத் பற்றி ஒரு பாடம். அவர் 1896இல் எங்கள் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தவர் என்று சொன்னதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். சமூக அறிவியலிலும் இதே பருவத்தில்தான் பக்தி இயக்கம், கபீர், குருநானக், தமிழகத்தில் சமணம், பௌத்தம், ஆசீவகம் எல்லாம் வருகின்றன. ஜனவரியில் தொடங்கி ஏப்ரலுக்குள் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இத்தனை வாசலையும் எட்டிப் பார்த்துவிடுகிறாள். பள்ளிக்கூடத்தின் பெயர்ப்பலகையில் யார் பெயர் இருந்தாலும் இதை நடத்தாமல் இருக்க முடியாது.

எப்படி நடத்துகிறார்கள் என்பதுதான் விஷயம். பொய்கையாழ்வாரின் 'வையம் தகளியா' பாட்டை நடத்தும்போது நான் ஒரு அகல் விளக்கைக் கொண்டு போவேன். தகளி என்றால் அகல். பூமியை அகலாக வைத்து, கடலை நெய்யாக ஊற்றி, சூரியனை ஏற்றி வைக்கிறார் ஆழ்வார். இதை வெறும் உருவக அணி என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனசு வராது. போன தடவை அகலை மேசையில் வைத்துப் பாட்டின் முதல் அடியைச் சொன்னதும் மூன்றாவது பெஞ்சில் ஒரு பிள்ளை தானாக அடுத்த அடியைச் சொன்னாள். அவள் ஆச்சிக்கு ஆழ்வார்திருநகரி. மார்கழியில் ஆச்சி சொல்லச் சொல்லக் காதில் விழுந்ததாம். "அதே ராகத்தில் சொல்லும்மா" என்றேன். எழுந்து நின்று சொன்னாள். கிறிஸ்தவப் பிள்ளைகள் பாதிக்கு மேல் இருக்கிற வகுப்பு அது. ஒரு சத்தம் இல்லை. முடித்ததும் பக்கத்தில் இருந்த பிள்ளை, சர்ச்சில் ஊழியம் செய்யும் உபதேசியாரின் மகள், "இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.

'மலைப்பொழிவு' வந்தபோது நடந்தது எனக்கே பாடம். கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு இது தெரிந்த விஷயம் என்று நானும் நினைத்தேன், அவர்களும் நினைத்தார்கள். பைபிளில் இந்த மலைப்பொழிவு வரும் மத்தேயு ஐந்தாம் அதிகாரம் ஓய்வுநாள் பள்ளியிலேயே (சர்ச்சில் பிள்ளைகளுக்கு நடக்கும் ஞாயிறு வகுப்பு) மனப்பாடம் ஆகிவிடும். தேர்வில் பாடலின் முதல் அடிகளை எழுதச் சொல்லியிருந்தேன். பதினோரு பேர் "சாந்தகுணமுள்ளவர்கள் பாக்கியவான்கள்" என்று வேதாகம வசனத்தை எழுதி வைத்திருந்தார்கள். கண்ணதாசன் எழுதியது 'சாந்தம் உடையோர்' என்று தொடங்கும், பேறு பெற்றோர் என்று போகும். வசனம் சரிதான், ஆனால் கேட்டது பாடல். மதிப்பெண் போடவில்லை. பாடலைப் பிழையில்லாமல் எழுதியவர்களில் அந்த ஆழ்வார்திருநகரி ஆச்சியின் பேத்தியும் ஒருத்தி. அவளுக்கு அது முழுக்கப் புதிது, அதனால் ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் படித்திருந்தாள். மறுநாள் பாக்கியவான்கள், பேறு பெற்றோர் இரண்டையும் கரும்பலகையில் பக்கத்துப் பக்கம் எழுதி, எது வடசொல், எது தமிழ் என்று அரை மணி நேரம் பேசினோம். நல்ல வகுப்பு அது.

இலக்கணத்திலும் இப்படி வரும். முதல் பருவத்தில் குற்றியலுகரம், அதாவது சொல்லின் கடைசியில் குறுகி ஒலிக்கும் உகரம். கு, சு, டு, து, பு, று என்று முடிகிற பெயர்களை வகுப்புக்குள்ளேயே தேடச் சொன்னேன். ஒருத்தி தன் மாமா பெயர் முருகு என்றாள். இன்னொருத்தி இயேசு என்றாள். "டீச்சர், ரெண்டும் உயிர்த்தொடர்தானே?" ஆமாம், ஈற்றுக்கு முன்னால் உயிர்மெய், மொத்தம் மூன்று எழுத்து, இரண்டும் ஒரே வகை. உடனே அடுத்த கேள்வி: "அழகு, அழகை ஆகுது. அப்போ ஏன் இயேசை, முருகைன்னு சொல்லல?" ஆள் பெயர் சிதையாமல் நிற்கட்டும் என்று இயேசுவை, முருகுவை என்கிறோம் என்று சொன்னேன். இப்படிக் கேட்கிற பிள்ளைகள் குழம்பிப்போவதை நான் பார்த்ததில்லை. வீட்டில் கேட்க முடியாமல் வாயை மூடிக்கொள்கிற பிள்ளைகள்தான் குழம்புகிறார்கள். சாயங்காலம் வந்து "இன்னைக்கு யோசேப்பைக் குழியில தள்ளின கதை சொன்னாங்கம்மா" என்றால், அந்தக் கதையை முழுக்கக் கேளுங்கள். பிறகு உங்களிடம் இருக்கிற கதையைச் சொல்லுங்கள்.

ஒரு சின்ன விஷயம், பெருமைக்காக இல்லை, எங்கள் ஊரை அறிந்துகொள்ள. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியஸ் பாதிரியார் சுவிசேஷத்தோடு நிற்கவில்லை, பூமிசாஸ்திரம் என்று தமிழிலேயே புவியியல் புத்தகமும் எழுதினார். இந்த ஊர்ப் பள்ளிகளில் வேதபாடமும் பூகோளமும் அந்தக் காலத்திலிருந்தே பக்கத்துப் பக்கப் பீரியட்.

சேர்க்கைக்கு வரும்போது மாற்றுச் சான்றிதழ், ஆதார் நகல், பழைய பள்ளியில் கொடுத்த எமிஸ் எண் (கல்வித் துறைப் பதிவில் பிள்ளைக்கு உள்ள அடையாள எண்) கொண்டு வாருங்கள். எமிஸ் எண் இல்லாமல் அலைய வேண்டியிருக்கும். ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டையும் எடுத்து வாருங்கள், அங்குள்ள கணக்கு டீச்சரிடம் காட்டலாம்.