இரவு விருந்துக்காகவே ஒரு விடுதி
வாசகர் கேள்வி – பயணம்

கேள்வி: நானும் கணவரும் மாமியாரும் நவம்பர் மாதம் ஜப்பான் செல்கிறோம். ஓர் இரவாவது பழைய முறைப்படி நடக்கும் சிறிய ரியோகான் விடுதியில் தங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. விசாரித்தால் ஓர் ஆளுக்கு நாற்பதாயிரம் யென் என்கிறார்கள். அறைக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டை வெளியில் பார்த்துக்கொள்ளக் கூடாதா?

பதில்: உங்களிடம் சொல்லப்பட்டது வெறும் அறை வாடகை அன்று. ஓர் இரவுத் தங்கல், இரவு விருந்து, மறுநாள் காலை உணவு ஆகிய மூன்றுக்குமான தொகை அது. ஆகவேதான் அறைக்கு இவ்வளவு என்று சொல்லாமல் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். உணவின்றி அறை மட்டும் தரும் ரியோகான்களும் ஜப்பானில் உண்டு என்றாலும், பத்துப் பன்னிரண்டு அறைகளே உள்ள, சமையலுக்குப் பெயர்பெற்ற விடுதியைத் தேர்ந்தெடுத்துவிட்டு அங்கே சாப்பிடாமல் படுத்து எழுந்து வருவதில் பொருள் இல்லை. அந்த வீட்டின் நாள் முழுவதும் மாலை விருந்தை நோக்கியே நகர்கிறது. மேலும், வெந்நீர் ஊற்றுகளை ஒட்டிய சிற்றூர்கள் பலவற்றில் இரவில் திறந்திருக்கும் உணவகங்கள் மிகச் சிலவே.

கைசேகி எனப்படும் அந்த விருந்தில், தேநீர்ச் சடங்குக்கு முன் பரிமாறப்பட்ட எளிய உணவின் மரபும் சாகே மதுவோடு நடந்த விருந்துகளின் மரபும் கலந்திருக்கின்றன. முதலில் ஒரு வாய் அளவே உள்ள தொடக்கப் பண்டம் வரும். பிறகு, அந்தப் பருவத்தின் கடலையும் மலையையும் காட்டும் சிறு பண்டங்கள் ஒரு தட்டில் அடுக்கப்பட்டு வரும். மூடியிட்ட கிண்ணத்தில் தெளிந்த சாறு, பச்சை மீன் துண்டுகள், சுட்டது, மெல்ல வேகவைத்தது என்று இரண்டு மணி நேரம் வரை விருந்து நீளும். சோறும், மிசோ என்னும் சோயா விழுது கரைத்த சாறும், ஊறுகாயும் முடிவில்தான் வரும் என்பதால், சோற்றுக்காகக் காத்திருந்து முன்னால் வந்தவற்றை ஒதுக்கிவிடாதீர்கள். சமையற்காரரின் கைத்திறன் அந்தத் தெளிந்த சாற்றில் தெரியும். மூடியைத் திறந்ததும் எழும் மணத்துக்காகவே அது மூடி வைக்கப்படுகிறது, ஆறுவதற்குள் அருந்திவிடுங்கள்.

எந்த மாதம் செல்கிறீர்கள் என்பதைப் பொறுத்து உணவும் மாறும். வசந்தத்தில் மூங்கில் குருத்தும், கியோட்டோவின் கோடையில் ஹாமோ என்னும் விலாங்கு வகை மீனும், இலையுதிர் காலத்தில் மட்சுதாகே காளானும் தட்டுக்கு வரும். ஜப்பான் கடலோரத்தில் உள்ள கினோசாகி போன்ற ஊர்களில் நவம்பர் 6ஆம் தேதி பனி நண்டுப் பருவம் தொடங்குவதால், அதன் பிறகு விடுதிக் கட்டணமும் ஏறும்.

பணம் பொருட்டாக இருந்தால், மற்ற இரவுகளைச் சாதாரண ஓட்டல்களில் கழித்து மிச்சம் பிடியுங்கள். சுமாரான ரியோகானில் மூன்று இரவு தங்குவதைவிட, நல்ல ரியோகானில் ஓர் இரவு முழுமையாகத் தங்குவதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: மாமியார் சுத்த சைவம். முட்டைகூடத் தொடமாட்டார். காய்கறி மட்டும் போதும் என்று அங்கே போய்ச் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

பதில்: அங்கே போய்ச் சொல்வது மிகவும் தாமதம். உங்கள் கேள்விகளில் நான் அதிகம் கவலைப்படுவது இதற்காகத்தான்.

ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி என்னும் சாறு. பெரும்பாலும் கொம்பு என்னும் கடற்பாசியையும், உலர்த்திப் புகையூட்டிச் சீவிய கட்ஸுவோ மீனையும் கொண்டு அதைத் தயாரிக்கிறார்கள். மீன் துண்டு ஒன்றுகூடக் கண்ணில் படாத பண்டத்திலும் அந்தச் சாறு இருக்கும். மிசோ சாறு, வேகவைத்த முள்ளங்கி, கீரையின் மேல் ஊற்றிய சாறு, வறுவலுக்குத் தொட்டுக்கொள்ளும் குழம்பு எல்லாவற்றிலும் அது கலந்திருக்கலாம். வெறுமனே சைவம் என்று எழுதினால், இறைச்சியையும் மீனையும் தட்டிலிருந்து நீக்கிவிட்டு அதே தாஷியில் காய்கறியை வேகவைத்துத் தருவது நடக்கக்கூடியதே. அதில் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பலருடைய கணக்கில் தாஷி மீன் உணவாகவே எண்ணப்படுவதில்லை.

எனவே, முன்பதிவு செய்யும்போதே இறைச்சி, மீன், முட்டை, மீன் சேர்த்த தாஷி ஆகிய நான்கும் கூடாது என்று தனித்தனியாக, முடிந்தால் ஜப்பானிய மொழியில், எழுதிக் கேளுங்கள். கொம்புவையும் உலர்ந்த ஷிடாகே காளானையும் ஊறவைத்து எடுக்கும் தாஷியும் அவர்களுடைய மரபிலேயே உண்டு. ஆனால் ஒருவருக்காக ஏழெட்டுப் பண்டங்களையும் வேறு சாற்றில் சமைப்பது சிறிய அடுக்களைக்குப் பெரிய வேலை. இயலாது என்று பதில் வந்தால் அதை நேர்மையான பதிலாக ஏற்று வேறு விடுதியைப் பாருங்கள். அரைமனத்துடன் ஒப்புக்கொள்ளும் இடத்தைவிட அது நல்லது.

எங்கும் சரிப்படவில்லை என்றால், வாக்கயாமா மாகாணத்தில் உள்ள கோயாசான் மலைக்குச் செல்லுங்கள். கூக்காய் என்னும் பௌத்தத் துறவி 816ஆம் ஆண்டு நிலம் பெற்று உருவாக்கிய மடங்களின் ஊர் அது. 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அவ்வூரில், ஐம்பதுக்கு மேற்பட்ட கோயில்கள் பயணிகளுக்கு இடம் தருகின்றன. அங்கே பரிமாறப்படும் ஷோஜின் என்னும் மடத்து உணவில் மீனும் இறைச்சியும் இல்லை. மரபுப்படி பூண்டும் வெங்காயமும்கூட இல்லை. எள்ளை அரைத்துச் செய்யும் கோமா தோஃபுவும், சோயாக் கட்டியை உறையவைத்து உலர்த்திய கோயா தோஃபுவும் அவ்வூரின் சிறப்புகள். அறைகள் எளியவை; இரவு உணவு மாலை ஆறு மணிக்குள் வந்துவிடும்; விடியற்காலை வழிபாட்டில் நீங்களும் அமரலாம். ஏறக்குறைய 800 மீட்டர் உயரம் என்பதால் நவம்பரில் குளிர் கடுமையாக இருக்கும். மாமியாருக்குக் கம்பளி உடை அவசியம். முட்டையைப் பற்றி அங்கும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பகல் முழுவதும் ஊர் சுற்றிவிட்டு இரவு எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் போதுமா?

பதில்: போதாது. பெரும்பாலான ரியோகான்களில் பிற்பகல் மூன்று மணியிலிருந்து அறை கிடைக்கும். விருந்து ஆறு அல்லது ஏழு மணிக்குத் தொடங்கும். அந்த நேரத்தைக் கணக்கிட்டே மீன் அரியப்படுகிறது, அடுப்பு மூட்டப்படுகிறது. எட்டு மணிக்குச் சென்றால் விருந்து கிடைக்காமலே போகலாம். நான்கு மணிக்குச் சேர்ந்து, குளித்து, யுகாதா என்னும் பருத்தி அங்கி அணிந்து பசியோடு அமருங்கள். வழியில் தாமதமானால் தொலைபேசியில் கட்டாயம் தெரிவியுங்கள். பெரிய பெட்டிகளைத் தக்யூபின் கூரியரில் அடுத்த ஊர் ஓட்டலுக்கு அனுப்பிவிட்டு, ஒரு சிறு பையுடன் செல்வது நல்லது. நீங்கள் விருந்தில் இருக்கும்போதே பணியாளர் பாய் தரையில் மெத்தை விரித்துவைப்பார்.

கேள்வி: பொதுக் குளியலுக்கு எனக்குக் கூச்சம். மாமியாருக்கு முழங்கால் வலி வேறு. தரையில் உட்கார முடியாது.

பதில்: ஆண்களுக்கும் பெண்களுக்கும் குளியலிடம் பெரும்பாலும் தனித்தனியே இருக்கும், ஆனால் நீச்சலுடைக்கு இடமில்லை. கூச்சம் போகாது என்றால், குடும்பத்துக்கென்று நேரம் ஒதுக்கித் தரும் குளியலறை உள்ள விடுதியைத் தேடுங்கள். அறையிலேயே தொட்டி உள்ளவையும் உண்டு, விலை கூடும். எங்கே குளித்தாலும், வெளியே அமர்ந்து சோப்புப் போட்டு உடலை நன்றாகக் கழுவிய பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். துண்டை நீரில் நனைக்கக் கூடாது. யுகாதாவின் இடப்பக்கம் மேலே வரும்படி கட்டுங்கள். வலப்பக்கத்தை மேலே கொண்டுவருவது இறந்தவர்களுக்குச் செய்வது.

முழங்கால் வலியை முன்கூட்டியே சொன்னால் மேசையும் நாற்காலியும் உள்ள உணவறையில் இடம் தருவார்கள். கட்டில் உள்ள அறை இருக்கிறதா என்றும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பரிமாறுபவருக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டுமா? வேறு செலவு ஏதேனும் உண்டா?

பதில்: கொடுக்க வேண்டியதில்லை, சேவைக் கட்டணம் பொதுவாகத் தொகையிலேயே அடங்கியிருக்கும். வெந்நீர் ஊற்று ஊர்களில் குளியல் வரியாக ஆளுக்கு 150 யென் அளவில் வாங்குவார்கள். கியோட்டோவில் 2018 முதல் தங்கும் வரியும் உண்டு. பெரிய செலவு, திட்டத்தை மாற்றினால்தான் வரும். உங்கள் மூவருக்கான மீனையும் காய்கறியையும் முன்பே வாங்கிவிடுவதால், அன்றைய தினம் ரத்து செய்தால் பல விடுதிகள் முழுத் தொகையையும் கேட்கும். தேதி உறுதியான பிறகே முன்பதிவு செய்யுங்கள்.