ஷிட்சூ நாய்க்கு வீட்டிலேயே முடி வெட்ட எந்தக் கிளிப்பர் வாங்கலாம்? வெயிலுக்குப் பொமரேனியனையும் அதிலேயே மொட்டையடிக்கலாமா?

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பொமரேனியனுக்கு மொட்டை வேண்டாம். அதற்கு இரட்டை அடுக்கு முடி. மேலே நீளமான முடி, அடியில் பஞ்சுபோல அடர்ந்த முடி. ஒட்ட வெட்டினால் சில நாய்களுக்கு மறுபடி சரியாக முளைப்பதில்லை. மாதக்கணக்கில் திட்டுத்திட்டாக நிற்கும். போதாக்குறைக்கு வெயில் நேராகத் தோலில் இறங்கும். உதிரும் அடிமுடியை அவ்வப்போது சீப்பால் வாரி எடுத்தாலே போதும். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் வைத்திருப்பவர்களுக்கும் இதுதான் பதில்.

ஷிட்சூவுக்கு முடி வளர்ந்துகொண்டே இருக்கும். வெட்டித்தான் ஆக வேண்டும். வீட்டில் அப்பாவின் தாடி டிரிம்மர் இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். அடர்ந்த முடியில் அது திணறி நின்று முடியைப் பிடித்து இழுக்கும். ஒருமுறை வலித்துவிட்டால் அடுத்த முறை அந்தச் சத்தம் கேட்டதுமே நாய் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

வாங்கும்போது எல்லோரும் மோட்டாரையும் பேட்டரியையும் விசாரிப்பார்கள். நான் பிளேடைத்தான் முதலில் பார்ப்பேன். கழற்றி மாட்டும் ‘ஏ5’ வகைப் பிளேடு பொருந்தும் கிளிப்பராக வாங்குங்கள். ஆண்டிஸ், ஆஸ்டர், வால் ஆகிய மூன்று நிறுவனங்களும் இந்த வகையில் பிளேடு செய்கின்றன; பெரும்பாலும் ஒன்றின் பிளேடு மற்றதன் கருவியில் பொருந்தும். பிளேடு எண் கூடக்கூட முடி குட்டையாகும். 10 என்றால் ஏறத்தாழ 1.5 மி.மீ., 7எஃப் 3.2 மி.மீ., 4எஃப் 9.5 மி.மீ. அளவுக்கு முடி நிற்கும். 40 வேண்டவே வேண்டாம். அது கால் மில்லிமீட்டர், அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவர் மழிப்பதற்கானது. வயிறு, பாதம், வால் அடிப்பகுதிக்கு 10, உடம்புக்கு 4எஃப் என இரண்டு இருந்தால் வீட்டுக்குத் தாராளம்.

பிளேடு சூடாகும் என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். இரும்பும் இரும்பும் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை உரசினால் சூடாகாமல் என்ன செய்யும்? சில நிமிடத்துக்கு ஒருமுறை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் நாயின் வயிற்றுத் தோலுக்கு இன்னும் சுடும். பிளேடைக் கழற்றி டைல்ஸ் தரையில் வைத்து ஆறவிட்டு, அதற்குள் மற்றதை மாட்டிக்கொள்ளலாம்.

பராமரிப்பில் முக்கால்வாசி எண்ணெய்தான். கிளிப்பர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பல்வரிசையின் இரு ஓரத்திலும் ஒவ்வொரு சொட்டு, பின்னால் பிளேடு சறுக்கும் தடத்தில் ஒரு சொட்டு விடுங்கள். கரகரவென்ற சத்தம் சட்டென்று அடங்குவது காதுக்கே தெரியும். பிறகு வழிவதைத் துணியால் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நாயின் முடியெல்லாம் பிசுக்காகும். நம் வீடுகளில் எதற்கெடுத்தாலும் தேங்காய் எண்ணெய். இதற்கு மட்டும் கூடாது; நாளடைவில் கெட்டியாகி ஒட்டிக்கொள்ளும். கிளிப்பர் எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் விடலாம்.

வெட்டி முடித்ததும் மேல் பிளேடைப் பாதி வரை மட்டும் பக்கவாட்டில் நகர்த்தி, இடையில் சிக்கிய முடியைப் பழைய பல்துலக்கியால் தட்டிவிடுங்கள். கடலோர ஊர் என்றால் எண்ணெய் தடவிய துணியில் சுற்றி வையுங்கள். குளியலறை அலமாரியில் வைத்தால் துரு நிச்சயம்.

முடியில் கோடு கோடாக விழுந்தால் உடனே சாணை பிடிக்க ஓடாதீர்கள். அடைத்த முடி, எண்ணெய்ப் பஞ்சம், உள்ளே பிளேடை அசைக்கும் பிளாஸ்டிக் துண்டின் தேய்மானம் என்று பல காரணம் இருக்கலாம். அழுக்கு முடியை வெட்டினாலும் கூர் போகும். குளிப்பாட்டி, நன்றாக உலர்த்தி, சீவிய பிறகே கிளிப்பரைத் தொடுங்கள். உண்மையாகவே மழுங்கியிருந்தால் கிளிப்பர் பிளேடுக்கென்றே சாணை பிடிப்பவரிடம் கொடுங்கள். இரண்டு தகடுகளும் சுழலும் தட்டில் சமமாகத் தேய்க்கப்பட வேண்டும். தெருவில் கத்தி, அரிவாளுக்குச் சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால் பிளேடு குப்பைக்குத்தான்.

தோலோடு ஒட்டிய சடையாக முடி சிக்கியிருந்தால், முதல் வெட்டை மட்டும் அனுபவமுள்ளவரிடம் விட்டுவிடுங்கள். அந்தச் சடைக்குள் தோல் எங்கே மடிந்து கிடக்கிறது என்று புதியவர் கண்ணுக்குத் தெரியாது.